பழையதைக் களையுமுன்…



பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு வாங்கப்பெற்ற கணிப்பொறி ஒன்று, நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் ஆண்டுகள் பலவாக உழைத்து வருகின்றது. வாங்கிய நாளில் விரைந்தோடிய அக்கருவி இன்று தள்ளாடுகின்றது. 'இடம் போதவில்லை' என்னும் அறிவிப்பு திரையில் அடிக்கடி தோன்றுகின்றது. உடனே, "இதனைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவோம்" என்பர் இளையோர்; கடன்பட்டேனும் அதற்கு இசைவர் பெற்றோர். அவ்வாறு பணத்தைச் செலவிடுமுன், இடத்தை அடைத்து நிற்பது யாது என ஆராய்தல் விவேகமன்றோ?

இடத்தை அடைப்பது எது?

கணிப்பொறியை இயக்கும் அடிப்படை ஏற்பாட்டிற்கு இயங்குதளம் என்று பெயர். நம் இல்லங்களில் பெரும்பாலும் காணப்படுவது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி கேட்ட இடம் 1.5 ஜிகாபைட். 2009-இல் வந்த விண்டோஸ் 7 கேட்டது 16 முதல் 20 ஜிகாபைட். 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கோ 64 ஜிகாபைட் தேவை.

ஒரு விண்டோஸிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது பழையது உடனே அழிந்துவிடுவதில்லை. புதியது ஒத்துவராவிடில் திரும்பிச் செல்ல வழி வேண்டுமே! அதற்காகப் பழையது 'விண்டோஸ் ஓல்ட்' என்னும் கோப்புறையில் வைக்கப்படுகின்றது. விண்டோஸ் 10 வெளிவந்த 2015-இல் இதற்குத் தவணை ஒரு மாதம். 2016-இல் அது 10 நாள்களாகக் குறைக்கப்பட்டது. தவணை கடந்ததும் கோப்புறை தானே நீங்க வேண்டும். ஆயினும், சில கணிப்பொறிகளில் அது நீங்காது எஞ்சி, பத்து ஜிகாபைட்டுக்கும் மேலான இடத்தை விழுங்கி நிற்பதுண்டு.

இடமின்மை சிறு தொல்லையன்று. பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்க இடமில்லாத கணிப்பொறி, தாழிடப்படாத வீட்டை ஒக்கும்.

அவசரக் கைகளுக்கு ஓர் எச்சரிக்கை

மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வரும் வயலை நினைவுகூருங்கள். களையைக் கண்ட பணியாளர் உடனே பிடுங்க விரைகின்றனர். களையோடு கோதுமையும் வேரற்றுப் போகும் என்று தலைவர் தடுக்கின்றார். கணிப்பொறியிலும் இதுவே நிகழும். விண்டோஸ் கோப்புறைக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று ஒன்றுண்டு. அது மிகப் பெரியதாகத் தோன்றுவதால் அதன் மேல் பலர் கை வைக்கின்றனர். உண்மையில் அது தோன்றும் அளவுக்கு இடம் கொள்வதில்லை. அதனை நாமே அழித்தால் கணிப்பொறி எழும்பாமலே போகக்கூடும்.

ஆகவே, களையெடுக்கும் பணியை அதற்கென அமைந்த கருவியிடமே விடுக. தேடும் கட்டத்தில் 'டிஸ்க் கிளீனப்' என்று எழுதித் திறந்து, 'சி' பகுதியைத் தேர்ந்து, 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்னும் பொத்தானை அழுத்துக. வரும் பட்டியலில் 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்' என்பதைக் குறித்து இசைவு தருக. நீக்கிய பின் பழைய விண்டோஸுக்குத் திரும்ப இயலாது என்பதை மறவற்க. சில பதிப்புகளின் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்பதும் இருக்கும். பிள்ளைகளின் சான்றிதழ்கள் அங்கே இருக்கலாம், அதனைக் குறிக்கற்க.

அழியுமுன் மீட்க வேண்டியவை

இவை எல்லாவற்றிற்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பழுது பார்ப்பவர் விண்டோஸைப் புதிதாக நிறுவியிருந்தால், குடும்பத்தின் சொந்தக் கோப்புகளும் 'விண்டோஸ் ஓல்ட்' கோப்புறையிலேயே தங்கியிருக்கக்கூடும். அதனைத் திறந்து, 'யூசர்ஸ்' என்னும் பகுதியைப் பொறுமையாகப் பாருங்கள். மகளின் முதல் நற்கருணைப் படம் அங்கே கிடக்கலாம். மறைந்த பாட்டனாரின் குரல் அங்கே ஒலிக்கலாம். அவற்றை வேறொரு தட்டில் படியெடுத்த பின்னரே களைய முற்படுக. இடத்தை என்றும் விலைக்கு வாங்கலாம். பாட்டனாரின் குரலை எக்கடையில் வாங்குவது?

மற்றொன்றும் அறிதல் நலம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. இடத்தைக் கூட்டுவதால் மட்டும் அத்தகைய கணிப்பொறி பாதுகாப்புடையதாகிவிடாது. வங்கிக் காரியங்களுக்கு அதனை நம்பாமல், எழுதவும் படிக்கவும் பயன்படுத்துவது தகும்.

நம் உள்ளமும் இதற்கு விலக்கன்று. "மன்னித்துவிட்டேன்" என்கிறோம்; ஆனால் பழைய வழக்கு முழுவதையும், தேவைப்பட்டால் திரும்பிச் செல்லலாம் என்று, உள்ளத்தின் மூலையில் கட்டி வைத்திருக்கிறோம். பாகப்பிரிவினையில் நேர்ந்த மனத்தாங்கல் எத்தனை உடன்பிறந்தோரிடையே இவ்வாறு இடத்தை அடைத்து நிற்கின்றது! கணிப்பொறி தரும் தவணை 10 நாள்கள். நாமோ ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கின்றோம்.

அதனைக் களையுங்கால், உள்ளே இருக்கும் அன்பின் நினைவுகளையும் சேர்த்து எறிந்துவிட வேண்டா. திறந்து பாருங்கள், நல்லவற்றை எடுத்து வையுங்கள், எஞ்சியதை ஆண்டவர் கையில் விட்டுவிடுங்கள். அப்போது நம் இல்லத்திலும் உள்ளத்திலும் புதியவற்றிற்கு இடம் உண்டாகும்.