நெல்வயலிற் புற்களை ஒழித்தல்: மலைச்சரிவுக் கமக்காரர் களைநாசினி தெளிக்கும் முறை

நெற்பயிரும் ஒரு புல்லே. வயலிற் களையாக முளைக்கும் நெற்சப்பியும், மேட்டுநிலத்து அறுகும் இலுக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அகன்ற இலைக் களைகளையும் கோரையினத்தையும் அழிப்பதற்கு எம்.சீ.பி.ஏ. போன்ற மருந்துகள் உண்டு. உரிய பருவத்தில் தெளித்தால் அவை நெல்லுக்கு ஊறு செய்வதில்லை. புல்லை மாய்த்து நெல்லைத் தப்பவிடுவதே கடினமான காரியம். அவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் மருந்துக்கு மிகச் சிறிதளவே உண்டு. அளவும் நாளும் தவறினால் அந்தச் சிறிய ஆற்றலும் போய்விடும்.

நாவலப்பிட்டியிலும் அதனைச் சூழ்ந்த சரிவுகளிலும் நெல் விளைவிப்போருக்கு இன்னும் இரு சிரமங்கள் உள்ளன. முதலாவது மழை. சிறுபோகப் பயிர் இரண்டு மூன்று இலை விடும் வேளையே தென்மேற்குப் பருவமழை வலுக்கும் வேளையாகும். இரண்டாவது நிலத்தின் அமைப்பு. படிப்படியாக அமைந்த வரவைகளில் மேல்வரவையின் நீர் வக்கடை வழியே கீழ்வரவைக்கு இறங்குகின்றது. அதற்கும் கீழே போஞ்சி, தக்காளி, கறிமிளகாய்ப் பாத்திகள் இருக்கலாம். யாவற்றிலும் வடிந்த நீர் ஈற்றில் மகாவலி கங்கையையே அடைகின்றது. கம்பளையிலும் பேராதனையிலும் கண்டியிலும் வாழ்வோர் குடிநீருக்கு நம்பியிருப்பது அந்தக் கங்கையையே. ஆகவே மேல்வரவையில் மருந்து தெளிக்கும் கமக்காரர் தம் வயலுக்கு மட்டும் தெளிப்பதாக எண்ணலாகாது.

முதலிற் களையை அறிதல் வேண்டும். சிங்களக் கமக்காரர் வெல்மருக்கு என வழங்கும் நெற்சப்பி, இளம்பருவத்தில் நெல்லைப் போலவே தோன்றும். ஐயம் எழுந்தால் ஒரு செடியைப் பிடுங்கி, இலை தண்டைத் தழுவும் இடத்தை விரித்துப் பார்த்தல் வேண்டும். நெல்லில் அவ்விடத்தே மெல்லிய வெண்ணிற நாக்குப் போன்ற சவ்வும் சிறு காதுகளும் இருக்கும். நெற்சப்பியில் இரண்டும் இரா. கண்ணுக்கு மிக எளிதான இந்த வேறுபாட்டை அறியாமையாற் கைக்களை பிடுங்குவோர் நெல்லைப் பிடுங்கிச் சப்பியை விட்டுவிடுவதும் உண்டு.

புல்லுக்குரிய மருந்துகள் இருவகைப்படும். ஒருவகை, புல் முளைக்கும்போதே அதனைத் தடுப்பது. பிரெட்டிலாக்குளோர் இவ்வகையினது. முளைகட்டிய விதையைத் தூவி விதைக்கும் வயலுக்கு, நெல்லைக் காக்கும் பெங்குளோரிம் என்னும் பொருள் சேர்ந்த பிரெட்டிலாக்குளோரையே வாங்குதல் வேண்டும். அந்தக் காப்புப்பொருள் சேராத மருந்து நாற்று நட்ட வயலுக்கே ஏற்றது. தூவி விதைத்த வயலில் அதை இட்டால் நெல்முளையும் சேர்ந்து கருகும். இவ்வகை மருந்து இடும்போது நிலம் சேறாக ஈரித்திருத்தல் வேண்டும். பள்ளங்களில் நீர் தேங்கி நிற்றலாகாது. நிலத்தைச் செவ்வையாகச் சமப்படுத்தாதவருக்கு இம்மருந்தாற் பெரும்பயன் கிட்டாது.

மற்றவகை, முளைத்த புல்லின் இலைமேற் படிந்து வேலை செய்வது. சைகலோபொப்பியூட்டைல், பிஸ்பைரிபக் சோடியம் முதலியன இவ்வகையின. சைகலோபொப் இலையினுட் புகுந்து, குருத்து வளர்வதற்கு வேண்டிய கொழுப்பு உண்டாகும் வழியை அடைத்துவிடுகின்றது. நெற்பயிர் அதனை விரைவில் வேறொரு பொருளாக மாற்றிச் செயலிழக்கச் செய்கின்றது; நெற்சப்பியால் அது இயலாது. புல் முதிர முதிர அதனைக் கொல்வது அரிதாகும். ஆதலாற் புல் இரண்டு மூன்று இலை விட்ட நாட்களைத் தவறவிடலாகாது. தெளிப்பதற்கு முன்னர் நீரை வடித்துப் புல்லின் இலைகள் வெளியே தோன்றச் செய்தல் வேண்டும். தெளித்தபின் வக்கடைகளை அடைத்துவிட்டு, இரண்டொரு நாட்களின் பின்னர் மீண்டும் நீர் கட்டுதல் நன்று. பிஸ்பைரிபக் தெளித்த பயிர் சில நாட்கள் சற்று மஞ்சளித்துக் காணப்படலாம்; அது தானே தேறிவிடும்.

தெளித்த மறுநாளே புல் வாடாதிருப்பதைக் கண்டு மருந்து பலிக்கவில்லையென மீண்டும் தெளிப்போர் பலர். பணமும் பயிரும் இவ்வாறே வீணாகின்றன. சைகலோபொப் போன்ற மருந்துகள் மெல்லவே வேலை செய்வன. ஒரு வாரம் கழித்துப் புல்லின் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்கலாம். அடி அழுகி இலகுவிற் கழன்று வருமாயின் மருந்து பலித்துவிட்டது. முழுப்புல்லும் மடிய இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். வேலையைக் குறைக்கும் நோக்குடன் சைகலோபொப்புடன் எம்.சீ.பி.ஏ.யையும் ஒரே தாங்கியிற் கலப்பதும் தவறாகும். கலந்தாற் புல்லைக் கொல்லும் வலிமை குன்றும்.

அளவைக் குறித்துச் சற்று விரிவாகக் கூறுதல் அவசியம். போத்தலின் மூடியால் அளப்பதும், புல் மலிந்த இடத்தில் ஒரு மூடி கூட்டி இடுவதும் எங்கும் காணப்படும் வழக்கங்கள். இவற்றுக்குப் பதிலாக, பத்து மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமுமான ஓரிடத்தைக் கயிற்றால் அளந்து, தாங்கியில் வெறும் நீரை நிரப்பி வழமையான நடையிற் தெளித்துப் பார்த்தல் வேண்டும். மூன்று லீற்றர் நீர் செலவாயின், ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 120 லீற்றர் தேவைப்படும். அதாவது 16 லீற்றர் கொள்ளும் முதுகுத் தாங்கியில் ஏழரைத் தாங்கி. சுட்டுத்துண்டில் ஏக்கருக்கு 600 மில்லிலீற்றர் எனக் குறித்திருப்பதாக வைத்துக்கொண்டால், தாங்கி ஒன்றுக்கு 80 மில்லிலீற்றராகும். இது கணக்கு முறையைக் காட்டுவதற்கான உதாரணமேயன்றி எந்த மருந்தின் அளவுமன்று. ஆளுக்கு ஆள் நடை வேறுபடுமாதலால், தெளிப்பவர் மாறினாற் கணக்கும் மாறும்.

மரக்கறித் தோட்டத்திற் கதை வேறு. போஞ்சி, கோவா, தக்காளி ஆகியன புல்லினமல்லாமையால், அவற்றினிடையே முளைக்கும் புல்லை மட்டும் மாய்க்கும் புளுவசிபொப், குயிசலோபொப் போன்ற மருந்துகள் அங்கு உதவும். ஆயின் இவை நெல்லையும் கொல்லும். மரக்கறிக்குத் தெளித்த தாங்கியைக் கழுவாது வயலுக்குக் கொண்டு சென்றால் நெல் மடியும், வயலில் எம்.சீ.பி.ஏ. தெளித்த தாங்கியைத் தோட்டத்துக்குக் கொண்டு சென்றாற் தக்காளியின் இலைகள் முறுகிச் சுருளும். ஒரே தாங்கியை இரு வேலைக்கும் வைத்திருக்கும் வீடுகளில் இந்த நட்டம் நேர்வது எளிது. இயலுமாயின் களைநாசினிக்கெனத் தனித் தாங்கி வைத்திருத்தல் வேண்டும். இயலாவிடின் தாங்கி, குழாய், முனை ஆகியவற்றைச் சவர்க்கார நீராற் பலமுறை கழுவுதல் அவசியம். கழுவிய நீரை ஓடையில் ஊற்றலாகாது.

தெளிப்பதற்குக் காற்று அடங்கிய காலைவேளையே தகுந்தது. முனையைத் தாழ்த்தி, அமுக்கத்தைக் குறைத்து, பெருந்துளிகளாக விழச் செய்தால் மருந்து அயற்பாத்திக்குப் பறவாது. நாவலப்பிட்டியிற் காலை வெயிலை நம்புவது எளிதன்று. சுட்டுத்துண்டிற் கூறிய மணித்தியாலங்களுக்கு மழை பெய்யாதென்ற நம்பிக்கை இல்லாத நாளிற் தெளிப்பதிலும் போத்தலைத் திறவாது வைப்பதே மேல். மழை விடாது பெய்யும் போகத்தில், கால் ஏக்கர் அரை ஏக்கர் வயலுடையோருக்கு வரிசையாக நாற்று நட்டு, இரண்டங்குல நீர் நிறுத்தி, சுழல் களைகட்டியை ஓட்டுதலே சிக்கனமானது. நிற்கும் நீரினடியில் நெற்சப்பி விதை எளிதில் முளையாது.

ஒரே மருந்தைப் போகந்தோறும் தெளிப்பதாலும் தீங்குண்டு. 1960 களில் வழக்கிற்கு வந்த புரோப்பனிலையே பல ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தியதன் விளைவாக, அம்மருந்துக்கு மடியாத நெற்சப்பி 1990 களில் இலங்கை வயல்களிற் கண்டறியப்பட்டது. தப்பிப் பிழைத்த புல்லின் விதையே அடுத்த போகத்தில் வயலை நிறைக்கும். ஆதலால் மருந்துக்குத் தப்பிய புல்லைப் பூக்குமுன்னர் கையாற் பிடுங்கிவிடுதல் வேண்டும். வெவ்வேறு வகை மருந்துகளை மாற்றி மாற்றி இடுதலும் வேண்டும்.

1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற மருந்துகளையே, மூன்று மொழிச் சுட்டுத்துண்டு ஒட்டிய போத்தலில் வாங்குதல் வேண்டும். சில்லறையாகச் சோடாப் போத்தலில் ஊற்றித் தருவதை ஏற்கலாகாது. அவ்வாறு வீட்டிற்கு வந்த மருந்தைக் குழந்தைகள் பானமென எண்ணிக் குடிக்கக்கூடும். கலக்கும்போது கையுறையும் முகமறைப்பும் அணிதல் வேண்டும். செறிந்த மருந்து தோலிற் படுவது கலக்கும் வேளையிலேதான். அடைபட்ட முனையை வாயால் ஊதாது, மெல்லிய ஈர்க்காற் குத்திச் சீராக்குக. வெறும் போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தாங்கியிலேயே ஊற்றி, போத்தலில் துளையிட்டு வைக்குக. எவருக்கேனும் மருந்து உட்சென்றால் வாந்தியெடுக்கச் செய்யாது, சுட்டுத்துண்டுடன் கூடிய போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆசுபத்திரிக்கு விரைதல் வேண்டும். மருந்துத் தெரிவு பற்றிய ஐயங்களைக் கமநல சேவை நிலையத்திலோ, 1920 என்ற விவசாயத் திணைக்களத் தொலைபேசி இலக்கத்திலோ, மருந்தை வாங்குவதற்கு முன்னரே கேட்டறியலாம்.