மறைவழி வலையமைப்பு: கொள்ளலும் தவிர்த்தலும்

1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் நமது திருக்கோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தமையை இந்நகர மாணவர் யாவரும் அறிவர். யப்பானியக் கடற்படையின் மறைகுறிச் செய்திகளுள் ஒரு பகுதியைக் கொழும்பிலிருந்த பிரித்தானிய நிலையத்தார் பிரித்தறிந்து, இலங்கையை நோக்கி இடர் வருகின்றதென முன்னரே எச்சரித்திருந்தமையைச் சிலரே அறிவர். இவ்வொட்டுக்கேட்கும் தொழிலில் ஒரு நுட்பமுண்டு. செய்தியின் பொருள் விளங்காதவிடத்தும், எந்நிலையம் எந்நிலையத்தோடு எப்பொழுது, எத்துணை முறை பேசுகின்றது என்பதைக் கொண்டே கப்பல்களின் நடமாட்டத்தை உய்த்துணரலாம். கடிதத்தைப் பிரியாது உறையை மட்டும் பார்த்து உளவறிதல் போன்றது அது.

இணையத்திலும் இதுவே நிகழ்கின்றது. இன்று பெரும்பாலான தளங்கள் தம் செய்திகளைப் பூட்டியே அனுப்புகின்றன. ஆதலின் நாம் எழுதும் கடவுச்சொல்லை வழியிலுள்ளோர் படித்தல் அரிது. ஆயினும் எத்தளத்துக்குச் செல்கின்றோம் என்னும் உறையெழுத்து, இணைப்புத் தரும் தொலைபேசி நிறுவனத்துக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடும். அவ்வுறையெழுத்தை மறைக்கும் ஏற்பாடே வீ.பி.என். எனப்படும் மெய்நிகர் தனியார் வலையமைப்பு. பெயர் நெடிதாயினும் பொருள் எளிது.

கடிதமொன்றை உறையிலிட்டு ஒட்டி, அவ்வுறையை மற்றோர் உறைக்குள் வைத்து, சிங்கப்பூரிலுள்ள நண்பர் முகவரிக்கு அனுப்புகின்றோம் எனக் கொள்வோம். அஞ்சற்காரர் காண்பது நண்பரின் முகவரியை மட்டுமே. நண்பர் மேலுறையை நீக்கி, உள்ளுறையை உரியவருக்குத் தம் இடத்திலிருந்து அனுப்புவார். மறுமொழியும் அவர் வழியே மீளும். பெற்றவரோ அது சிங்கப்பூரிலிருந்து வந்ததென்றே கருதுவர். கணனிகள் இதனைக் கணப்பொழுதிற் செய்கின்றன. இதற்குரிய முறையொன்று 1996 இல் மைக்ரோசொப்ற் நிறுவனத்தாரால் வகுக்கப்பட்டது. அலுவலர் வெளியிலிருந்தவாறே அலுவலகக் கணனிகளை அச்சமின்றி அடைதலே அன்றைய நோக்கம், ஒளிந்து திரிதலன்று.

நம் நாட்டில் இப்பெயரைப் பரப்பியவை தடைகளே. 2018 மார்ச்சிற் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள்மீது வன்செயல் நிகழ்ந்தபோதும், 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள் உயிர்த்த ஞாயிற்றுத் தாக்குதலின் பின்னரும், அரசு முகநூல், வட்சப் முதலியவற்றைத் தடுத்தது. வதந்தியை அடக்குதலே காரணமெனக் கூறப்பட்டது. அக்காரணத்தைப் புறந்தள்ளுதற்கில்லை. எனினும் தடையைக் கடக்க முயன்றோர் யாவரும் வதந்தி பரப்பியோர் அல்லர். கடல் கடந்து வாழும் பிள்ளைக்கு "நலமே உள்ளோம்" என ஒரு சொல் அனுப்ப விழைந்த தாய்மாரும் அவருள் இருந்தனர். 2022 ஏப்பிரல் 3 ஆம் நாள் மீண்டும் தடை வந்தபோது, அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்ஷ அவர்களே தாமும் வீ.பி.என். வழியாகவே எழுதுவதாகவும், இத்தகைய தடை பயனற்றதெனவும் வெளிப்படையாகக் கூறினார்!

இனி, கொள்வதா தவிர்ப்பதா என்பதை ஆராய்வாம். அஞ்சற்காரரிடமிருந்து மறைத்தது நண்பருக்குத் தெரியுமன்றோ? வீ.பி.என். நம்பிக்கையின் தேவையை ஒழிப்பதில்லை. அதனைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து எடுத்து, நாம் முகமறியாத வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கின்றது. அந்நிறுவனம் இலவசமாக உழைப்பின் ஏன் உழைக்கின்றதென வினவுதல் வேண்டும். 2013 இல் முகநூல் நிறுவனம் வாங்கிய ஒனாவோ என்பது இதற்குச் சான்று. தரவைக் காக்கும் எனக் கூறி இலவசமாக வழங்கப்பட்ட அதன் செயலி, பயன்படுத்துவோர் எவ்வெச் செயலிகளை நாடுகின்றனர் என்பதைத் திரட்டி அந்நிறுவனத்துக்கே அளித்தது. 2023 இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் இதன்பொருட்டு 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது.

நண்பர் வாழும் நாட்டின் சட்டமும் நோக்கற்பாலது. இத்தகைய சேவையினர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்தாண்டுகள் பேணல் வேண்டுமென 2022 இல் இந்திய அரசு பணித்தபோது, எக்ஸ்பிரஸ் வீ.பி.என். உள்ளிட்ட சில நிறுவனங்கள் தம் கணனிகளை அந்நாட்டினின்றும் அகற்றின.

பல்கலைக்கழகமோ பணியிடமோ தன் நூலகத்தையும் ஏடுகளையும் அடைதற்குத் தரும் வீ.பி.என்.னை அப்பணிக்குத் தயங்காது கொள்க. விடுதியின் பொது இணைப்பில் வங்கிக் கணக்கைப் பார்ப்போருக்கு அது சிறு துணை. தளமே பூட்டியிருத்தலால் பெருந்துணையன்று. எழுத்தாற் பகை தேடிக்கொண்ட செய்தியாளருக்கோ அது மிகத் தேவையாகலாம். அவர் கட்டணம் பெறுவதும், வெளியாரின் தணிக்கைக்கு உட்பட்டதுமான சேவையை நாடுதல் நன்று. ஆனால் முகநூலிற் சொந்தப் பெயரோடு நுழைந்தபின், முகநூலுக்கு அவர் யாரென்பது மறையாது.

2022 இல் அத்தடை நாளன்று மாணவரொருவர் இலவசச் செயலியொன்றைக் கொண்டுவந்து, இதனைப் பயன்படுத்தலாமா என்றார். அதனை நடத்துவோர் யாவர் எனக் கேட்டேன். இருவரும் அரைமணி நேரம் தேடியும் ஒரு பெயருக்குமேல் எதுவும் அகப்படவில்லை; நாடும் இல்லை, முகவரியும் இல்லை. அவர் அதனை அழித்துவிட்டு வானொலியைத் திருப்பினார். மாலைக்குள் தடையும் நீங்கிற்று.