மருத்துவமனை விட்டு வந்த பின்

இரத்தப் புற்றுநோய் என்று கேட்ட மாத்திரத்திலேயே நம்பிக்கை இழந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அந்நோயில் ஒருவகைக்கு நாள்தோறும் உண்ணும் மாத்திரையே பெரும்பாலும் போதுமானதாயிருக்கிறது. மருந்துக்கு அடங்காத வகைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை உண்டு. அச்சிகிச்சையின் பிற்பாதி நம் வீடுகளில்தான் நடைபெறுகிறது என்பதைத் தங்கவயல் வாழ் தமிழன்பர்கள் அறிந்திருத்தல் நலம்.

எலும்பினுள் உள்ள மஜ்ஜையே குருதியின் விளைநிலம். ஸ்டெம் செல் எனப்படும் மூல உயிரணுக்களே அதன் விதைகள். அந்நிலத்தில் களை மண்டுவதே இந்நோய். கடும் மருந்துகளால், சிலருக்குக் கதிர்வீச்சாலும், களையை அழித்தபின் பிறர் அளித்த மூல உயிரணுக்களை இரத்தம் ஏற்றுவதுபோல் ஏற்றுகின்றனர். அவை தாமே எலும்பைச் சென்றடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் புதுக்குருதி விளைவிக்கத் தொடங்கும். இம்முறைக்கு வழிவகுத்த அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1990-இல் நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் 1983-இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் இது தொடங்கிற்று. நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த வட ஆர்க்காட்டு மண்ணிலேயே இவ்வசதி அமைந்தது நம் பேறு.

உடன்பிறந்தார் ஒருவருடைய உயிரணு முழுதும் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கே வாய்ப்புண்டு. "தமையனுக்குக் கொடுத்தால் தம்பி பலங்குன்றிப் போவானோ?" என்று தாய்மார் அஞ்சுவது இயல்பு. கொடுத்த உயிரணுக்கள் சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும் என்பதால் அவ்வச்சம் வேண்டுவதில்லை. வீட்டில் பொருந்துவோர் இல்லாவிடில், 2009-இல் சென்னையில் தோன்றிய தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்களில் தேடலாம். பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரிடமிருந்து பெறும் முறையும் இப்போது உண்டு.

இனி வீட்டிற்கு வருவோம். முதல் 100 நாட்கள் மிகவும் இடர் நிறைந்தவை. நோயாளியின் உடல், பிறந்த குழந்தையின் உடல் போன்றது. முன்பு போட்ட தடுப்பூசிகளின் பயனும் குன்றியிருக்கும். மருத்துவர் குறிக்கும் காலத்தில் அவற்றை மீண்டும் போடவேண்டும். கொதித்தாறிய நீரும், அன்றன்று சமைத்த சூடான உணவுமே கொடுத்தல் வேண்டும். சயனைட்டுக் குன்றுகளிலிருந்து காற்று புழுதி வாரி வரும் நாட்களில் சாளரங்களை அடைத்து வைத்தல் நன்று. காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டால் விடியும்வரை காத்திருத்தல் கூடாது. தோலில் தடிப்பு, ஓயாத வயிற்றுப்போக்கு, கண்ணில் மஞ்சள் நிறம் இவை, வந்த உயிரணுக்கள் உடலோடு பிணங்குவதன் அறிகுறிகளாகலாம். உடனே மருத்துவரிடம் கூறுக.

எல்லாவற்றினும் கடினமானது ஒன்றுண்டு. ஒட்டிய சுவரும் பொதுத் திண்ணையுமாக வாழும் நம் லைன் வீடுகளில், நோயாளி திரும்பினார் என்றால் உற்றார் யாவரும் கூடுவர். அன்பினால் வருவோரை வாயிலில் நிறுத்துவது நம் மரபன்று. ஆயினும் அந்நாட்களில் வாராதிருப்பதே அன்பு. வரவேண்டியவர் ரொட்டியும் பழமும் ஏந்தி வருவதை விடுத்து, அவ்வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லட்டும்; வழிச்செலவிற்கு உதவட்டும்.

வழிச்செலவு குறித்து, இரயில்வேயில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒரு சொல். சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணை செல்லும் ஒருவருக்கு முக்காற்பங்கு தள்ளுபடி. மருத்துவமனை உரிய படிவத்தில் அளிக்கும் சான்றிதழைக் காட்டிச் சீட்டுப் பெறுக. பங்காருப்பேட்டையில் வண்டியேறினால் ஜோலார்ப்பேட்டை வழியே காட்பாடி சென்று சேரலாம்.

நோய் மீளவுங்கூடும், ஆதலின் நலமாயிருக்கிறோம் என்று மறுபரிசோதனையைத் தவிர்த்தல் ஆகாது. வேலைக்குத் திரும்பப் பலருக்கு ஆறு மாதமோ ஓராண்டோ ஆகும். அதுவரை பொறுமை காப்பது நோயாளியின் கடன்; அவருக்குத் தோள் கொடுப்பது நம் அனைவரின் கடன்.