குவார்க் இணைச் செறிவில் வெப்பநிலை, காந்தப்புலம் ஆகியவற்றின் விளைவுகள்

முன்னுரை

புரோட்டானின் நிறையில் அதன் மூன்று குவார்க்குகளின் சொந்த நிறை ஏறத்தாழ ஒரு விழுக்காடே. எஞ்சியது குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசைப் புலத்தின் இயக்கத்தால் விளைவதாகும். அப்புலத்தின் வெற்றிடம் வெறுமையானதன்று. குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் இணைந்த செறிவு அதில் எங்கும் நிறைந்துள்ளது. வெப்பநிலையும் காந்தப்புலமும் இச்செறிவை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வெப்பநிலையின் விளைவு

வெப்பநிலை உயரும்போது வெப்பக் கிளர்ச்சி இணைகளைக் குலைக்கிறது. ஏறத்தாழ 1.8 இலட்சம் கோடி கெல்வினை ஒட்டிச் செறிவு பெரிதும் குறைந்து, குவார்க்–குளுவான் பிளாஸ்மா தோன்றுகிறது. பாரியான் அடர்த்தி மிகக் குறைந்த நிலையில் இம்மாற்றம் பனிக்கட்டி உருகுவதுபோல் ஒரே புள்ளியில் நிகழ்வதன்று. வெண்ணெய் இளகுவதுபோல் படிப்படியானது.

காந்தப்புலத்தின் விளைவு

மின்னூட்டமுடைய துகள் காந்தப்புலத்தில் சுழலும்போது அதன் ஆற்றல் தனித்தனிப் படிகளாக அமையும் என்பதை 1930-இல் லாந்தாவ் காட்டினார். புலம் மிக வலிமையாயின் துகள்கள் அடிப்படியில் அடங்கிப் புலத்தின் திசையில் மட்டுமே முன்பின்னாக இயங்கும். இவ்வாறு இயக்கம் ஒற்றைப் பரிமாணமாய்ச் சுருங்குவதால் இணைகள் எளிதில் கூடுகின்றன, செறிவு மிகுகிறது. இது காந்த வினையூக்கம் எனப்படும்.

இரண்டும் கூடும்போது

வெப்பம் குலைப்பதைக் காந்தப்புலம் கூட்டுகிறது. எனவே காந்தப்புலத்தில் மாறுநிலை வெப்பநிலை உயரும் என எதிர்பார்ப்பது இயல்பே. நம்பு, யோனா-லசினியோ ஆகியோர் 1961-இல் அமைத்த மாதிரியை அடியொற்றிய கணக்கீடுகளும் அவ்வாறே காட்டின. ஆயின், வெளியையும் காலத்தையும் கட்டங்களாகப் பகுத்து, குவார்க்குகளின் உண்மை நிறையைக் கொண்டு செய்யப்பட்டு 2012-இல் வெளிவந்த கணினிக் கணக்கீடுகள், அவ்வெப்பநிலை குறைவதையே காட்டின.

காரணம் குளுவான்களில் உள்ளது. அவற்றிற்கு மின்னூட்டம் இல்லையாதலால் காந்தப்புலம் அவற்றை நேரடியாகத் தாக்காது. எனினும் வெற்றிடத்தில் தோன்றி மறையும் குவார்க்குகளின் வாயிலாகக் குளுவான் புலத்தின் அமைப்பை அது மாற்றுகிறது. மாறுநிலையை ஒட்டிய வெப்பநிலையில் இம்மறைமுக விளைவு செறிவைக் குறைத்து, நேரடி விளைவை விஞ்சுகிறது. மேற்கண்ட மாதிரியில் குளுவான் புலம் தனியே இடம்பெறாமையால் இவ்விளைவு அதில் வெளிப்படவில்லை.

முடிவுரை

கன அயனி மோதல்களில் ஏறத்தாழ 10¹⁴ டெஸ்லா அளவிலான காந்தப்புலம் கணநேரம் தோன்றுவதாக மதிப்பிடப்படுகிறது. அத்தகைய சூழலை விளக்கும் எம்மாதிரியும் இம்முரணுக்கு விடையளித்தல் வேண்டும். தனித்தனியே அறிந்த இரு விளைவுகளை வெறுமனே கூட்டி, அவை சேர்ந்து தரும் விளைவைப் பெற இயலாது என்பதே இதனால் பெறப்படும் முடிவாகும்.