கல் பாதைக்கு எந்த வண்டி வாங்கலாம்?

பயிர்ப் பக்கத்தில் பைக்குக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அஞ்செட்டி, உரிகம், நாட்றாம்பாளையம் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். நன்றாக விளைந்த தக்காளி தார் ரோட்டைத் தொடும் முன்பே கல் பாதையில் அடிபட்டு நசுங்கினால், மண்டியில் விலை இருந்தும் பயனில்லை. பாரத்தோடு பாறைச் சரிவில் சாய்ந்தால் காலும் போகும்.

கடைக்குப் போனதும் எத்தனை சிசி என்று கேட்காதீர்கள். வண்டி கீழே படுத்தால் நீங்கள் ஒருவரே தூக்கி நிறுத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். மலைப் பாதையில் உதவிக்கு ஆள் வராது.

அந்தக் கணக்கில் முன்னால் நிற்பது நம் ஓசூர் வண்டிதான். டிவிஎஸ் 50 இங்கே 1980-ல் வந்தது. அதன் வழியில் வந்த எக்ஸ்எல் 100-ன் எடை 90 கிலோவுக்குள், அதாவது இரண்டு யூரியா மூட்டை எடை. முன்பக்கம் காலியாக இருப்பதால் பால் கேனும் மூட்டையும் தாழ்வாக வைக்கலாம். ஆனால் அதற்குக் கியர் இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் பாரத்தோடு ஊர்ந்து ஏறினால் கிளட்ச் வழுக்கிச் சூடாகும். இறக்கத்திலோ வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விடுபடும், இன்ஜின் பிடிக்காது. முழுச் சுமையும் பிரேக்கின் மேல்தான்.

இறக்கம் அதிகம் என்றால் 100 சிசி கியர் வண்டியே நல்லது. ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டி 112 கிலோ வரும். முதல் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடிக்காமல் இறக்கினால் இன்ஜினே வேகத்தை அடக்கும். எக்ஸ்பல்ஸ் 200-ன் அடிப்பகுதி தரையிலிருந்து 220 மி.மீ. உயரம், முன்சக்கரம் 21 அங்குலம். கல்லில் ஏறி இறங்க அதற்கு ஈடில்லை. ஆனால் எடை 150 கிலோவைத் தாண்டும், இருக்கையும் உயரம். மூட்டை ஏற்றுபவர் கடன் வாங்கி அதை எடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வெறும் வண்டியில் மலைக் கிராமங்களைச் சுற்றும் களப்பணியாளருக்குப் பொருந்தும்.

எதை வாங்கினாலும் கம்பிச் சக்கரமாக வாங்குங்கள். வளைந்தால் ஊர் மெக்கானிக்கே கோட்டம் எடுத்துவிடுவார். அலாய் சக்கரம் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும்.

டயர் காற்றில்தான் பலர் தடுமாறுகிறார்கள். காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பது மணலுக்குச் சரி. பாரத்தோடு கல்லில் ஏறும்போது காற்று குறைவாக இருந்தால், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். பாரம் ஏற்றும்போது கையேட்டில் சொன்ன பார அளவுக் காற்று கட்டாயம். பெரிய கட்டை வைத்த பட்டன் டயர் சேற்றுக்கு நல்லது. ஆனால் காலையில் தோட்டம், பிறகு அதே வண்டியில் சிப்காட் ஷிப்ட் என்று ஓடுபவர்களுக்கு மழை நனைத்த தார் ரோட்டில் அது வழுக்கும். சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர் போதும்.

கியர் வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட் 14 பல் இருந்தால் 13 ஆக்கலாம். இழுவை சுமார் 8 சதவீதம் கூடும், வேகம் சுமார் 7 சதவீதம் குறையும். தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர் இதைத் தொடவேண்டாம். இன்ஜினுக்கு அடியில் கனமான தகடு ஒன்று போடுங்கள். ஒரு கூர்ங்கல் ஆயில் அறையை உடைத்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் தகட்டின் விலை ஒன்றுமில்லை.

பாரம் பின் அச்சுக்குப் பின்னால் போனால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும். மூட்டையைத் தாழ்வாக, இருபுறமும் சமமாகக் கட்டுங்கள். ஹேண்டில்பாரில் எதையும் தொங்கவிடாதீர்கள். செயின் தளர்வை, பாரம் ஏற்றி ஒருவர் உட்கார்ந்த பிறகும் ஒருமுறை பாருங்கள். பின்பக்கம் அமுங்கும்போது செயின் இறுகும்.

கேழ்வரகு அறுவடைக் காலத்தில் யானைகள் கர்நாடகக் காடுகளிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இறங்கும். அந்த மாதங்களில் முகப்பு விளக்கு நன்றாக எரிந்தாலும், பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கிவிடுங்கள்.