டிரெய்லர் பிரேக் மாற்றினால் எவ்வளவு ஆகும்?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் வழக்கமான செமி டிரெய்லருக்கு இரண்டு அச்சுகள், நான்கு பிரேக்குகள். பெரும்பாலானவை காற்றில் இயங்கும் டிரம் பிரேக்குகள். ஓட்டுநர் பெடலை மிதித்ததும் பிரேக் சேம்பருக்குள் காற்று பாய்கிறது. சேம்பரின் தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் தள்ள, ‘எஸ்’ வடிவக் கேம் சுழன்று இரண்டு ஷூக்களையும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. ஷூவின் மேலுள்ள லைனிங்தான் தேய்கிறது.

ஷூ விலை அதிகமில்லை. ஒரு சக்கரத்துக்கான ஷூ ஜோடியும் ஸ்பிரிங், ரோலர் சாமான்களும் ஏறத்தாழ 100 டாலருக்குள் அடங்கிவிடும். பழைய ஷூவைத் திருப்பிக் கொடுத்தால், அதற்கென வாங்கிய முன்பணமும் கைக்கு வரும். பில்லை ஏற்றுவது டிரம்மும் கூலியும்தான். டிரம் ஒன்றுக்கு 100 முதல் 200 டாலர். கூலி மணிக்கு 100 டாலருக்கு மேல். நான்கு சக்கரங்களுக்கும் டிரம்மோடு சேர்த்து மாற்றினால் 1,500 டாலரைத் தாண்டுவது சாதாரணம். சேம்பர், ஸ்லாக் அட்ஜஸ்டர் சேர்ந்தால் இன்னும் ஏறும்.

டிரம்மை மாற்றத்தான் வேண்டுமா என்பதை அளவுகோல் சொல்லிவிடும். புதிய டிரம்மின் உள்விட்டம் 16.5 அங்குலம், தேய்ந்து 16.62 அங்குலத்தைத் தாண்டினால் கழிக்க வேண்டியதுதான். லைனிங் முழுதும் தேயும்வரை ஓட்டினால் ஷூவின் இரும்பு டிரம்மை அறுத்துவிடும். சில நூறு டாலரில் முடிந்திருக்க வேண்டிய வேலை அங்கேதான் இரட்டிப்பாகிறது.

பழைய வகை டிரெய்லர்களில் டிரம்மைக் கழற்ற ஹப்பையும் கழற்ற வேண்டும். அப்போது வீல் சீலைப் புதிதாகப் போடுவதே முறை. சீலில் சிக்கனம் பார்த்தால் எண்ணெய் கசிந்து புது லைனிங்கை நனைத்துவிடும். பிறகு அந்த லைனிங் குப்பைக்குத்தான். ஒரே அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

1994 அக்டோபருக்குப் பின் தயாரான காற்று பிரேக் வண்டிகளில் ஸ்லாக் அட்ஜஸ்டர் தானாகவே சரிசெய்துகொள்ளும். அது தளர்ந்தால் உள்ளே ஏதோ பழுது என்று பொருள். கையால் திருகி விடுவது பழுதை மறைக்குமே தவிர நீக்காது.

டிரெய்லர் ஷூவின் நடுவில் வழக்கமான லைனிங் கால் அங்குலத்துக்குக் கீழே போனால் சட்டப்படி அது குறைபாடு. இழுவை வண்டியோடு சேர்த்து மொத்தம் 10 பிரேக்குகள். அவற்றில் 20 சதவீதம், அதாவது இரண்டு பழுதாக இருந்தாலே, சாலைச் சோதனையில் வண்டி நிறுத்தப்படும். சரிசெய்யும்வரை அங்கிருந்து நகர முடியாது.