பழைய படகும் புதிய எஞ்சினும்

காசி நகரில் கங்கைக் கரையையொட்டி 84 படித்துறைகள் உள்ளன. தமிழர் நன்கறிந்த கேதார் படித்துறையும் அனுமன் படித்துறையும் அவற்றுள் அடங்கும். இத்துறைகளில் கட்டப்பட்டிருக்கும் படகுகளே படகோட்டிக் குடும்பங்கள் பலவற்றின் வாழ்வாதாரம். முற்காலத்தில் அவை துடுப்பினாலேயே இயங்கின. பின்னர்ப் பல படகுகளில் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது.

மரப்படகு முறையாகப் பேணப்பட்டால் நெடுங்காலம் உழைக்கும். எஞ்சினோ அதற்கு முன்பே தேய்ந்துவிடும். கரும்புகை மிகும், எரிபொருட்செலவு கூடும், நடு ஆற்றில் நின்றுபோகும் அச்சமும் உண்டாகும். அப்பொழுது, படகையே கைவிடுவதா, எஞ்சினை மட்டும் மாற்றுவதா என்னும் கேள்வி படகோட்டியின்முன் எழுகிறது. ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அம்முடிவில் அடங்கியிருக்கக்கூடும்.

மரத்தைச் சோதித்தல்

எஞ்சினை வாங்குமுன் படகைக் கரையேற்றி ஆராய வேண்டும். கூரிய கருவியால் பலகைகளைக் குத்திப் பார்ப்பர். நல்ல மரம் கருவியைத் தடுக்கும். உளுத்த மரத்தில் கருவி எளிதில் இறங்கும். எஞ்சினைத் தாங்கும் நீண்ட கட்டைகளே இச்சோதனையில் முதன்மையானவை. அவற்றின் அடியில் நீரும் எண்ணெயும் தேங்குவதால் பழுது கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்திருக்கும். அக்கட்டைகள் வலுவிழந்திருந்தால், எஞ்சினின் அதிர்வு ஆணிகளைத் தளர்த்திப் பலகைகளைப் பிரித்துவிடும். ஆதலால், முதற்செலவு மரத்திற்கு. அடுத்த செலவே எஞ்சினுக்கு.

எவ்வளவு ஆற்றல் வேண்டும்?

குதிரைத்திறனை இருமடங்காக்கினால் வேகமும் இருமடங்காகும் எனப் பலர் எண்ணுவர். அது சரியன்று. கனத்த படகு செல்லும்போது தன் முன்னும் பின்னும் அலைகளை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட நீரின் தடையும் பெருகுகிறது. வேகத்தை இருமடங்காக்கக் குறைந்தது எட்டு மடங்கு ஆற்றல் தேவைப்படும். எனவே, மிகப்பெரிய எஞ்சின் வாங்குவது பணத்தையும் எரிபொருளையும் வீணாக்குவதாகும். அதன் கூடுதல் எடையால் படகின் பின்பகுதி தாழ்ந்துவிடவும் கூடும்.

எரிபொருள் மாற்றம்

2021ஆம் ஆண்டில் காசியின் டீசல் படகுகளை அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற்றும் பணி நடைபெற்றது. கெயில் நிறுவனம் அதற்கு உதவியது. நமோ படித்துறையில் ஆற்றின்மேல் மிதக்கும் எரிவாயு நிரப்பும் நிலையமும் அமைக்கப்பட்டது.

டீசல் எஞ்சினில் எரிவாயுவை அப்படியே செலுத்தினால் அது இயங்காது. டீசல் எஞ்சினில் காற்று மிகுதியாக அழுத்தப்படுகிறது. அதனால் எழும் வெப்பத்திலேயே டீசல் தீப்பற்றுகிறது. இயற்கை எரிவாயு தீப்பற்ற அதனினும் மிகுந்த வெப்பம் வேண்டும். ஆகவே அதற்குத் தீப்பொறி தரும் அமைப்பு தேவை. இதனால் எஞ்சினையே மாற்றவோ, அதன் உறுப்புகளைத் திருத்தியமைக்கவோ வேண்டியுள்ளது.

இவ்வாயு வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் உருளைகளில் அடைக்கப்படுகிறது. உருளைகள் அசையாதவாறு பிணைக்கப்பட வேண்டும். இவ்வாயு காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலெழும். ஆதலால் கூரையுள்ள படகில் அது வெளியேற மேற்புறத்தில் திறப்பு இன்றியமையாதது.

நேர்க்கோடும் விசிறியும்

எஞ்சினின் சுழற்சியை நீரிலுள்ள விசிறிக்குக் கொண்டுசெல்வது ஒரு நீண்ட தண்டு. எஞ்சினும் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். இரண்டையும் இணைக்கும் தட்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை மெல்லிய எஃகுத் தகடுகளால் அளப்பர். ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வேறுபாடும் இங்குப் பொருட்படுத்தத் தக்கது. கரையில் கிடக்கும் மரப்படகு நீரில் மிதக்கும்போது சற்றே வளைந்து கொடுக்கும். எனவே படகை நீரில் இறக்கியபின் மீண்டும் அளந்து திருத்துவர்.

விசிறியும் எஞ்சினுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். வெள்ளோட்டத்தின்போது முழு விசையிலும் எஞ்சின் தனக்குரிய சுழற்சியை எட்டவில்லையெனில், பெரும்பாலும் விசிறி பெரியது என்று பொருள். அச்சுழற்சியைக் கடந்து ஓடினால் விசிறி சிறியது. ஆற்றுநீரால் குளிரும் எஞ்சினாயின், நீர் தடையின்றி வெளியேறுகிறதா என்பதையும் காண வேண்டும்.

காலமும் கவனமும்

மழைக்காலத்தில் கங்கை பெருக்கெடுக்கும்போது படகோட்டத்திற்குத் தடை விதிக்கப்படும். வருவாயற்ற அந்நாள்களே பழுது பார்ப்பதற்கு ஏற்றவை. பணி தாமதமானால், கார்த்திகைப் பௌர்ணமியன்று நிகழும் தேவ தீபாவளியின் வருவாய் கைநழுவிவிடும்.

ஆயினும் விரைவைவிடப் பாதுகாப்பே பெரிது. எஞ்சினின் வலிமை கூடியதால் படகில் ஏற்றத்தக்க மக்களின் எண்ணிக்கை கூடாது. அதனை வரையறுப்பவை படகின் வடிவும் மரத்தின் உறுதியுமே. புதிய எஞ்சினை நம்பி அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றினால், எஞ்சின் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே படகு கவிழக்கூடும்.

சிந்தித்து விடையளிக்க

1. எஞ்சினை வாங்குமுன் மரத்தைச் சோதிக்க வேண்டியது ஏன்?
2. டீசல் எஞ்சின் எரிவாயுவால் அப்படியே இயங்காததற்குக் காரணம் யாது?
3. நீரில் இறக்கியபின் தண்டின் நேர்க்கோட்டை மீண்டும் அளப்பது எதற்காக?
4. நீங்கள் வாழும் ஊரில் பழுது பார்த்து மீண்டும் பயன்படுத்தப்படும் ஊர்தி ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.